வாங்குக் குழு

யாழ்ப்பாணத்தில் ஒரு குதிரைக்கு இரண்டு வேலைதான் கிடைக்கும். நெடுந்தீவில் கட்டாக்காலியாக நின்று, படகேறி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டலாம். அல்லது கலியாண வீடுகளில் மாப்பிள்ளை சுமக்கலாம். மூன்றாவதாக ஒரு வேலையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். அதற்காக எங்களுக்கு ஒருவரும் மாலை போடவில்லை. போட்ட மாலையும் குதிரைக்குத்தான் விழுந்தது.

நாங்கள் என்றால் இணுவிலில் இருக்கும் ஒரு சின்ன நிலையம். கை கால் வழங்காத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறோம். பெரியவர் மார்கிரட் டொக்டர். நான் றிச்சர்ட், இயன்மருத்துவன், ஊர்வாயில் பிசியோ. எங்களுடையது தலைமுறை தலைமுறையாக மெதடிஸ்தக் குடும்பம். அப்பாவுக்கு நான் போதகராக வரவேண்டும் என்று ஆசை. முடங்கினவர்களை எழுப்பி விடுகிற வேலைதானே இதுவும் என்று அவரைச் சமாளித்தேன். அவருடைய பிரசங்கங்களில் அது ஒரு வசனத்தில் நடந்து முடிந்துவிடும். எனக்கு ஒரு பிள்ளையின் கழுத்து நிமிரவே ஒரு வருடம் பிடிக்கிறது. கடைசியில் அவர் மனம் இறங்கி, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு ஜெபப் புத்தகத்தைத் தந்தார். கறுப்பு மட்டை, நடுவில் தங்க நிறச் சிலுவை. அதை நான் ஒரு நாளும் பிரிந்ததில்லை. திறந்ததும் குறைவு.

எங்களிடம் வருகிற பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்குப் பெருமூளை வாதம். மூளை சொல்வது உடம்புக்குச் சரியாகப் போய்ச் சேராது. நீங்களும் நானும் கதிரையில் சும்மா இருக்கிறோம் என்று நினைக்கிறோம். சும்மா இல்லை. முதுகு ஓயாமல் அங்கே கொஞ்சம் இழுத்து, இங்கே கொஞ்சம் விட்டு, எங்களை விழாமல் வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த இழுப்பும் விடுப்பும் பிழைத்துப் பிழைத்து வரும். நடக்கிற குதிரையின் முதுகில் அவர்களை இருத்தினால், அதன் நடை இடுப்பை அசைத்து அசைத்து உடம்புக்குச் சமநிலை பழக்கும் என்று வெளிநாடுகளில் சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதை இங்கே ஆராய்ந்து பார்த்துவிடுவோம் என்று மார்கிரட் டொக்டர் புறப்பட்டார். நான் பின்னால் போனேன்.

ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தி நிவேதனா. புத்தூர்ப் பிள்ளை, வயது ஏழு. புத்தியில் ஒரு குறையும் இல்லை; கொஞ்சம் கூடுதல் என்றுதான் சொல்ல வேண்டும். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். வருகிற ஒன்றும் குத்துவதற்கென்றே தேர்ந்தெடுத்ததாக இருக்கும். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சொன்ன ஒரே சொல் "வண்டி". என் வயிற்றைச் சொன்னாள்.

அவளுடைய வில்லங்கம் இருப்பதில். யாராவது முதுகில் கை வைத்திருக்க வேண்டும். கையை எடுத்தால் மெல்ல மெல்ல இடப்பக்கம் சரிவாள். சிரித்தால் கெதியாகச் சரிவாள். அவளுக்கோ எடுத்ததற்கெல்லாம் சிரிப்பு.

தாய் உதயகலாவுக்கு ஒரே எண்ணம்தான்: வருகிற தைமாதம் மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். அதிபரிடம் போயிருக்கிறாள். அவர் பொல்லாதவர் அல்ல, பயந்தவர். காலைத் தேவாரம் தொடங்கி முடியும்வரை ஒருவரும் பிடிக்காமல் பிள்ளை வாங்குப் பலகையில் இருக்கட்டும், அன்றைக்கே பெயர் பதிகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்படியான பிள்ளைகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறதே, அதைச் சொல் என்று நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். அவரும் சுற்றறிக்கை பார்த்தவர்தானாம். "சுற்றறிக்கை வந்து பிள்ளையை விழாமல் பிடிக்குமோ?" என்று கேட்டாராம். ஆகவே உதயகலா குதிரையைத்தான் நம்பினாள். கந்தசுவாமி கோயிலில் பூக்கட்டியும் பார்த்தாள். வெள்ளையும் சிவப்பும் வைத்ததில் சிவப்பு வந்தது. சிவப்பு என்றால் குதிரை.

ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பகுதிப் பிள்ளைகள் குதிரையில், மற்றப் பகுதி வழக்கமான பயிற்சியில். யார் எதில் என்பதை எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கும் ஒரு கம்பியூட்டர் குலுக்கிப் போடும். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் விளங்கப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அகராதி பார்த்து, அழகாக எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒரு குழு குதிரைக் குழு, மற்றது கட்டுப்பாட்டுக் குழு என்றேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் எழும்பி, அதற்குள்ளிருந்து வெளியில் வர சண்டைக் காலம் போலப் பாஸ் எடுக்க வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். சிரிப்பதா இல்லையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் உதயகலா எழும்பிவிட்டாள். அவள் சண்டைக் காலத்தில் வன்னிக்குள் அகப்பட்டிருந்து, பிறகு புத்தூருக்குக் கலியாணம் செய்து வந்தவள்.

"கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளை இருந்து உயிரோடை வந்தது காணும் றிச்சர்ட் அண்ணை. என்ரை பிள்ளையைத் திருப்பி உள்ளுக்கை விடமாட்டன்."

மார்கிரட் டொக்டர் என் பக்கம் குனிந்து, மற்றப் பிள்ளைகள் அந்த நேரம் எதில் இருப்பார்கள் என்று கேட்டார். வாங்கில் என்றேன். "அப்ப வாங்குக் குழு எண்டு சொல்லும். உம்மடை அகராதியைத் தூக்கி அங்காலை வையும்" என்றார்.

வாங்குக் குழு என்றதும் எல்லோரும் அமைதியாகக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பியூட்டர் குலுக்கியது. நிவேதனா வாங்கு.

செய்தியைச் சொல்ல நான் மூன்று விதமாக ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். உதயகலா என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள். "பள்ளிக்கூடத்திலையும் குதிரை இல்லைத்தானே. வாங்குதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு மகளின் முதுகில் கையை வைத்தபடி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று பின்னேரம் முழுக்க நான் ஒருவரோடும் பகிடி விடவில்லை. எனக்குச் சுகமில்லையோ என்று நிலையத்தில் கேட்டார்கள்.

குதிரை வந்தது. வல்வெட்டித்துறையில் கலியாணச் சாமான்கள் வாடகைக்கு விடுகிற கோபிசங்கர், லொறியின் பின்பக்கம் ஏற்றிக் கொண்டுவந்தார். வெள்ளைக் குதிரை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம். பெயர் மின்னல். நின்ற நிற்பு, ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டவருடைய நிற்பு. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல குதிரை கிடையாது என்று மகிழ்ந்தோம். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பின்னால் போய்த் தள்ளினேன். திரும்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

"மேளம் இல்லாமல் நடக்காது அண்ணை," என்றார் கோபிசங்கர். "மாப்பிளை ஊர்வலத்துக்குப் பழக்கினது. மேளம் நிண்டால் அதுவும் நிக்கும்."

அதற்கென்ன என்று போனை எடுத்து ஒரு கெட்டிமேளம் போடப் பார்த்தேன். போனைக் கண்டதுதான் தாமதம், மின்னல் கழுத்தை நிமிர்த்தி, முன்கால் ஒன்றைக் கொஞ்சம் முன்னே வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சிலையாக நின்றுவிட்டது. வீடியோக்காரர்களுக்காக அதையும் பழக்கியிருக்கிறார்கள். போனை இறக்கும்வரை அசையாதாம். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மாறி மாறிப் படமெடுத்ததில், குதிரை வாசல் படலையிலேயே நின்று முகூர்த்தம் தவறப் பார்த்ததாம். கடைசியில் மாப்பிள்ளை குதித்து ஓடினாராம்.

ஆக, நடக்க மேளம் வேண்டும். அந்த மேளம் போனில் வரக் கூடாது. நல்ல காலம், இடம் இணுவில். கல்லெறிந்தால் ஒரு தவில்காரர் மேல் படும். பக்கத்து ஒழுங்கையிலிருந்து சிவசுப்பிரமணியம் ஐயாவைக் கூட்டி வந்தோம். அவர் தவிலை மாட்டிக்கொண்டு, பொம்பிளை வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். விளங்கப்படுத்தினோம். ஆராய்ச்சிக்கு இதுவரை வாசித்ததில்லை, என்ன தாளம் போடுவது என்று கேட்டார். குதிரைக்குப் பிடித்தது என்றோம். அடித்தார். மின்னல் நடந்தது.

பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னர் பெரிய ஆள் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும் என்று விதி. "நீர் ஏறும்" என்றார் மார்கிரட் டொக்டர். கதிரை வைத்து ஏறினேன். சமநிலை பற்றி வகுப்பெடுக்கிறவன் நான். இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தவில் தொடங்கியது, குதிரை புறப்பட்டது. எங்கள் நிலையத்து ஊழியர்கள் இப்படி ஒரு காட்சியை விடுவார்களா? எல்லாப் போனும் உயர்ந்தது. மின்னல் நின்றது. தவில் அடிக்க அடிக்க நின்றது. போன்களை இறக்குங்கள் என்று நான் கத்தக் கத்த அவர்களுக்கு அது இன்னும் நல்ல வீடியோவாகப் போய்க்கொண்டிருந்தது.

வாங்கில் தாயின் கையில் சாய்ந்திருந்த நிவேதனா, "மாப்பிளை" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்து, சரிந்து, உதயகலா எட்டிப் பிடித்தாள்.

அடுத்த சிக்கலை மார்கிரட் டொக்டர் கண்டுபிடித்தார். குதிரைப் பிள்ளைகளுக்கு முன்னேற்றம் வந்தால், அது குதிரையால் வந்ததா தவிலால் வந்ததா? ஆகவே வாங்குப் பிள்ளைகளுக்கும் அதே தவில் கேட்க வேண்டும். தவில் ஒன்றுதான். இரண்டு குழுவும் ஒரே நேரம் வரவேண்டியதாயிற்று. குதிரைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக முற்றத்தைச் சுற்ற, வாங்குப் பிள்ளைகள் கொட்டிலில் பயிற்சி செய்துகொண்டு பார்த்திருந்தார்கள். பயிற்சி குறைவு, பார்த்ததுதான் கூட. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து ஆருக்குக் கலியாணம் என்று கேட்டார்கள். ஒரு அம்மா தேசிக்காய் மாலையோடு உள்ளே வந்து, கேள்வி ஒன்றும் கேட்காமல் மின்னலுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளின் அசைவை வீடியோவில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். எடுத்தேன், அனுப்பினேன். உங்கள் படங்கள் மிகத் தெளிவு, இனி வீடியோவை அனுப்புங்கள் என்று அங்கிருந்து எழுதினார்கள். இது வீடியோதான், பின்னால் வாழையிலை ஆடுவதைக் கவனிக்கவும் என்று பதில் போட்டேன்.

ஒளித்து நின்று எடுத்துப் பார்த்தேன். வேலிக்குப் பின்னால் நின்றேன். குதிரைக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒரு நாள் குனியும்போது சட்டைப்பையிலிருந்து ஜெபப் புத்தகம் விழுந்தது. எடுத்துத் தூசி தட்டி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மின்னல் அதற்கும் நின்று கண்ணை மூடியது. அப்பா கண்டிருந்தால் ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும்.

ஒரு நாள் மழை விட்டு வெயில் எறித்தது. குளித்து முழுகி, புதுக் குஞ்சத்தோடு மின்னல் நல்ல வடிவாக நின்றது. மகளுக்குக் காட்டலாம் என்றோ என்னவோ, உதயகலா ஒரு கையை மகளின் முதுகில் வைத்தபடி மற்றக் கையால் போனை எடுத்தாள். குதிரை நிமிர்ந்தது. படம் ஆடிப்போக, போனைப் பிடிக்க மற்றக் கையையும் எடுத்தாள். எடுத்ததை அவள் அறியவில்லை. கண் முழுக்கத் திரையில்.

நான் அறிந்தேன். நிவேதனா சரியப் போகிறாள் என்று பாய வெளிக்கிட்டவன், அப்படியே நின்றேன். அவள் சரியவில்லை. கழுத்தை நிமிர்த்தி, நாடியை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, உலகத்து மாப்பிள்ளைகளையெல்லாம் சுமந்து அலுத்த முகத்தோடு வாங்கில் இருந்தாள். தனிய. முதுகில் ஒருவருடைய கையும் இல்லை. மின்னல் ஒரு பக்கம், நிவேதனா ஒரு பக்கம், இரண்டு பேரும் போன் இறங்கக் காத்திருந்தார்கள்.

உதயகலா போனை இறக்கினாள். குதிரை தளர்ந்தது. பிள்ளையும் தளர்ந்து சரிய, தாயின் கை தன் பாட்டில் போய்ப் பிடித்தது. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"உதயகலா, இன்னொருக்கால் போனைத் தூக்கு," என்றேன். "குதிரைக்கு இல்லை. பிள்ளைக்கு."

தூக்கினாள். நிவேதனா நிமிர்ந்தாள். இந்த முறை தாய் திரையைப் பார்க்கவில்லை. மகளையும், இரண்டு கையும் போனில் இருக்கிற தன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவசுப்பிரமணியம் ஐயா விஷயம் விளங்காமல், ஆனால் ஏதோ நல்லது நடந்ததென்று கண்டு, ஒரு கெட்டிமேளம் தட்டினார். நிவேதனா சிரித்தாள், சரிந்தாள்.

இது மந்திரம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்திருக்க அவளுக்கு ஏலும். அதற்கு இவ்வளவு நாளும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. பந்துகளும் வளையங்களும் வைத்து நான் காட்டிய காரணங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை, குதிரை காட்டியது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு பாடுபட்டாள். தொடை நடுங்கும், கழுத்து வியர்க்கும், விழும்போது கோபம் வரும். என்னை "வண்டி" என்று பேசிவிட்டு மறுபடி நிமிர்வாள். வரவர போன் உயர்ந்து நிற்கும் நேரம் கூடியது. என் கைதான் உளைந்தது. மார்கிரட் டொக்டர் பார்த்துக் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துவிட்டு, இதை எந்தக் குழுவில் எழுதுவது என்று என்னைக் கேட்டார்.

தைமாதம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு உதயகலாவோடு நானும் போனேன். தேவாரத்துக்கு மணி அடிக்கும்போது அவள் போனை எடுத்தாள்.

"போன் கூடாது," என்றார் அதிபர். "பிள்ளையளுக்குச் சொல்லுறதை நாங்கள் பெரியாக்கள் மீறலாமோ? உள்ளை வையுங்கோ."

உள்ளே வைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். நிவேதனாவை முதல் வரிசை வாங்கில் இருத்தினோம். தாய் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்தாள். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். இரண்டு அடி போகவில்லை, நிவேதனாவின் இடது தோள் இறங்கத் தொடங்கியது. நான் விரல்களால் போன் மாதிரி ஒரு சதுரம் காட்டினேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். தோள் இன்னும் இறங்கியது. உதயகலா ஒரு அடி முன்னே வைத்தாள். பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

என் கை சட்டைப்பைக்குப் போனது. ஜெபப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

நிவேதனா நிமிர்ந்தாள். தோள் ஏறியது, நாடி உயர்ந்தது, கண் பாதி மூடியது.

அதிபரும் நிமிர்ந்தார். சைவப் பள்ளிக்கூடத்தில், தேவாரம் நடந்துகொண்டிருக்கும்போது, மெதடிஸ்தக்காரன் ஒருவன் தங்கச் சிலுவை போட்ட புத்தகத்தை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறான். பிள்ளை கண்ணை மூடி அருள் வந்தது போல் இருக்கிறது. இந்தக் குடாநாட்டில் இதற்காக ஒரு காலத்தில் சைவரும் பாதிரிமாரும் எவ்வளவு துண்டுப்பிரசுரம் அடித்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள்! அவர் பக்கவாட்டாக நடந்து என்னிடம் வந்தார்.

"உதென்ன கையிலை?"

"போன் மாதிரி, சேர்."

"போன் கூடாது எண்டு சொன்னனான்."

"போன் இல்லை சேர். ஜெபப் புத்தகம்."

இரண்டில் எது பெரிய குற்றம் என்று அவர் நின்று யோசித்தார். எனக்கு விளக்கம் சொல்ல நேரம் தேவைப்பட்டது. குதிரை, தவில், வீடியோ, கம்பியூட்டர் என்று காதுக்குள் சொல்லச் சொல்ல, எனக்கே அது விசர்க்கதையாகக் கேட்டது. கையை மட்டும் இறக்கவில்லை. அவர் பாதியில் கேட்பதை விட்டுவிட்டு வாங்கைப் பார்த்தார். தேவாரம் கடைசி அடிக்கு வந்திருந்தது. பிள்ளை தனிய இருந்தது. திருநீறு பூசிய நெற்றி, நிமிர்ந்த கழுத்து, கொஞ்சம் தலைக்கனம்.

பாட்டு முடிந்தது. அதிபர் கந்தோருக்குப் போய், பெயர் பதிகிற புத்தகத்தோடு வந்தார். உதயகலா மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். கையை வைக்கவில்லை. வைக்காமல், வைக்கிற உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியில் வரும்போது, "பூ பிழைக்கேல்லை அண்ணை," என்றாள். "குதிரைதான் இருத்தினது."

ஆராய்ச்சி முடிவு வந்தது. குதிரைக் குழுவில் கொஞ்சம் முன்னேற்றம். வாங்குக் குழுவிலும் கொஞ்சம் முன்னேற்றம். இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினோம்; எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கோபிசங்கர் மின்னலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். இப்போது அது கலியாண வீடுகளில் சின்னப் பிள்ளைகளைக் கண்டால் தானாக வட்டம் சுற்றுகிறதாம், மாப்பிள்ளைமாருக்குத் தலை சுற்றுகிறதாம்.

மாசியில் ஒரு நாள், நிவேதனாவின் வாங்குக்குக் கால் மிதிக்கும் பலகை ஒன்று பொருத்தப் போனேன். தேவாரம் நடந்துகொண்டிருந்தது. யன்னலால் பார்த்தேன். முதல் பாட்டு முடியும்வரை அவள் நன்றாக இருந்தாள். இரண்டாவதில் தோள் இறங்கியது. பக்கத்தில் இருந்த பிள்ளை பாட்டை நிறுத்தாமல் பென்சில் பெட்டியைத் தூக்கிப் பிடித்தது. நிவேதனா நிமிர்ந்தாள். அவளோடு முழு வரிசையும் நாடியை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, குதிரை மாதிரி நிமிர்ந்தது. அது இப்போது அந்த வகுப்பின் வழக்கமாகியிருந்தது.

பென்சில் பெட்டி பிடித்த கை உளைந்து இறங்கியபோது, முன்னால் நின்ற அதிபர் மேசையில் கிடந்த ஏதோ ஒரு கடதாசியை எடுத்து, நாலாக மடித்து, பாடியபடியே உயர்த்திப் பிடித்தார். சுற்றறிக்கையாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.